பறிமுதல் குறிப்பு

லா கிராவெல் சாவடியில் எனக்கு இது ஆறாவது குளிர்காலம்.
ஓடைக்கு அந்தப் பக்கம் பிரெத்தாஞ், இந்தப் பக்கம் மேன்.
அங்கே ஒரு ராத்தல் உப்பு அரைக்காசு.
இங்கே பதின்மூன்று காசு.
காய்ச்சிய கடல் ஒன்று, காய்ந்த வெயில் ஒன்று.
நடுவில் ஓடுகிறது ஓடை, முழங்கால் ஆழம்.

அந்த முழங்காலளவு தண்ணீரைக் காக்க
நான், அம்புருவாஸ்.
நான் தூங்காமல் பார்த்துக்கொள்ளத் துணைத்தலைவர்.
அவர் கணக்கைத் திருப்பிக் கூட்ட லவாலில் ஓர் எழுத்தர்.
எழுத்தரின் இறகுப் பேனாக்களை எண்ணுவதற்கும்
ஒருவர் இருப்பதாகக் கேள்வி.
எங்கள் அத்தனை பேர் காலணியும்
யாரோ ஒருத்தியின் கஞ்சிச் சட்டியிலிருந்து வெட்டிய தோல்.

எட்டு வயது தாண்டிய வாய்க்கு
ஆண்டுக்கு ஏழு ராத்தல் வாங்கியே தீர வேண்டும்.
வேண்டாம் என்று சொல்ல முடியாத சரக்கை
விற்பனை என்கிறது சட்டம்.
அந்த ஏழும் சட்டிக்கும் மேசைக்கும் மட்டும்தான்.
பன்றிக்கறியில் தேய்த்தால் குற்றம்;
அதற்கு வேறு சீட்டு, வேறு பணம்.
ஒரு தச்சனை அப்படிப் பிடித்துக் கொடுத்தேன்.
தொங்கிய தொடையை முகர்ந்து பார்த்துப் பிடித்தேன்.
முகர எங்களுக்குப் பயிற்சி உண்டு.

"வரி இல்லாமல் பாலம் எங்கிருந்து வரும்?"
என்பார் துணைத்தலைவர்.
கேள்வி நியாயமானது.
ஆறு வருடமாக நானும் அந்தப் பாலத்தைத் தேடுகிறேன்.
நனைந்துகொண்டுதான் கடக்கிறோம்,
கள்ள உப்புக்காரனும்
அவனைத் துரத்தும் நானும்.

நேற்று பின்னிரவு, பனி.
வேலியோரம் எதுவோ மூச்சு வாங்கியது.
துப்பாக்கியைத் தூக்கினேன்.
நாய்.

எப்படிப் பழக்குகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்:
இந்தப் பக்கம் வயிறாரப் போட்டு வளர்ப்பார்கள்,
அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பட்டினி போட்டு
முதுகில் மூட்டை கட்டி
இருட்டில் அவிழ்த்துவிடுவார்கள்.
அது கற்ற வணிகம் அவ்வளவே:
இங்கே பசி, அங்கே கிண்ணம்.
லவால் எழுத்தர் அறைக்கு
அந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

சுட வேண்டும் என்பது உத்தரவு.
அது ஓடவில்லை.
நேராக வந்து ஈர மூக்கை என் உள்ளங்கையில் வைத்தது,
வாலை ஆட்டியது,
விலா எலும்பெல்லாம் நடுங்க.
முயல் வேட்டைக்கு என்று
வித்ரேவில் இருக்கும் அண்ணனுக்கு
மாதம் இருமுறை என் மனைவி இரவல் கொடுக்கும் நாய்.

மூட்டையைத் தடவினேன். நீலக் கோடு போட்ட துணி,
நான் தொலைத்ததாக நினைத்திருந்த சட்டையின் கை.
முழங்கை ஒட்டில் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
ழாக்கின் இடதுகைக்காரி.

மேட்டில் துணைத்தலைவரின் லாந்தர்.
கயிற்றை அறுத்தேன். நாயை உதைத்தேன், பலமாக.
அது கத்தியது, ஓடியது,
வீட்டுத் திசையில்தான், வேறெங்கு போகும்.

எழுதினேன்:
உப்பு, ஏழு ராத்தல்.
விலங்கு தப்பியது.
உரிமையாளர் தெரியவில்லை.

பிடிபட்ட உப்பை ஓடையில் கொட்டுவது விதி.
கொட்டினோம், இரண்டு பேர், ஒரு சாட்சி, ஒரு கையொப்பம்.
பனிக்குக் கீழே தண்ணீர் கொஞ்ச நேரம்
கடலாக இருந்திருக்கும்.
எந்த மாநிலத்துக் கடல் என்று
யாரும் கேட்கவில்லை.

விடிந்து வீட்டுக்கு வந்தேன்.
மேசைக்கு அடியில் நாய், ஒரு பக்கமாகப் படுத்து.
சூப்பில் உப்பு இல்லை.
என் காலணிக்குள் அடைத்துக் கொண்டுவந்ததை
மேசையில் தட்டிக் கொட்டினேன்,
சாம்பல் நிறமாக, கொஞ்சம் கால் வாடையோடு.

ழாக்கின் அதை உள்ளங்கையில் ஏந்தி
தராசுபோல் இருமுறை அசைத்தாள்.
"ஒன்பது ராத்தல் என்றல்லவா பேச்சு" என்றாள்,
சட்டியைக் கிளறிக்கொண்டே.